தாய்வழியும் தலைமையும்

மட்டக்களப்பு வாவியின் இருகரையிலும் கண்ணகை அம்மன் கோயில் கொண்ட ஊர்கள் பல. அவ்வூர்களில் வழிவழியாக ஆடப்பட்டு வந்த கொம்புமுறி விளையாட்டைக் கேட்டறியாதார் இப்பகுதியில் அரியர். ஊர் இரண்டாகப் பிரியும். ஒரு சாரார் கோவலன் பக்கத்தார். மறு சாரார் கண்ணகி பக்கத்தார். வடசேரி, தென்சேரி என அப்பக்கங்களுக்குப் பெயரும் உண்டு. கொம்புபோல் வளைந்த மரக்கவடுகள் இரண்டைக் கோத்து, வடம் பூட்டி, இரு சேரியாரும் எதிரெதிர் நின்று இழுப்பர். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். வென்றார் தோற்றாரை வசைபாடுவதும் வழக்கம்; அவ்வசை சில வேளை எல்லை கடந்து செல்வதும் உண்டு. ஆயினும் ஆட்டம் முடிந்தபின் இரு சேரியாரும் ஓர் அம்மன் சந்நிதியிலேயே ஒருங்கு நிற்பர்.

இவ்விளையாட்டில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒரு பக்கத்தின் பெயரே பெண்ணொருத்தியின் பெயர். எனினும் வடம் பிடித்து நின்றோர் இரு பக்கத்தும் ஆடவரே.

ஒரு கட்சிக்குள்ளேயே தலைமைக்கு இருவர் நிற்கும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இத்தகையதே. மாற்றுக் கட்சியார் உரைக்கும் வசையை எவரும் எதிர்பார்ப்பர். அதனால் கட்சிப்பற்று குன்றாது, வளரவுங் கூடும். தம்மவர் வாயினின்று வரும் வசையோ அத்தன்மையதன்று. அது தைத்த இடத்திற் கட்சிப்பற்று இரண்டாகப் பிளக்கின்றது. போட்டியாளருள் ஒருவர் பெண்ணாயின், அவ்வசை அவர் கொள்கையை விட்டு அவர் பிறப்பை நாடுகின்றது. அண்மைக் காலத்தில் உலகோர் கண்முன் இது வெளிப்பட்டது 2008 ஆம் ஆண்டில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சனநாயகக் கட்சி தன் சனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்த முதனிலைத் தேர்தல்களிலேயாம்.

அவ்வாண்டு ஹிலரி கிளின்ரன் அம்மையாரும் பராக் ஒபாமாவும் எதிர்நின்றனர். ஜனவரி 7 ஆம் நாள் நியூ ஹாம்ஷயர் மாநிலத்துச் சேலம் நகர்க் கூட்டமொன்றில், தம் சட்டைக்கு அழுத்தி போட்டுத் தருமாறு அம்மையாரை நோக்கிக் கூவினர் இருவர். அன்றே போட்ஸ்மத் என்னும் ஊரில், பெண்ணொருவர் வினவிய அன்பான வினாவுக்கு விடையளிக்கையில் அம்மையாரின் குரல் தழுதழுத்தது, கண்ணும் கலங்கியது. அக்கண்ணீர் நடிப்பென்றனர் சிலர். ஆளத்தகாமைக்குச் சான்றென்றனர் வேறு சிலர். மறுநாள் அம்மாநிலத்தில் அவர் வென்றார். போட்டி ஜூன் மாதம் வரை நீண்டது. முடிவில் ஒபாமாவே வேட்பாளரானார். அம்மையாரை ஆதரித்த பெண்களுட் பலர், தம் கட்சி வேட்பாளருக்கு வாக்களியோம் எனச் சினந்து நின்றனர்.

அவர் சினம் நியாயமானதே. ஆயினும் வினா அவ்வளவில் எளிதன்று. எதிரே நின்றவர், அடிமை முறையும் நிறவெறியும் ஆட்சி செய்த நாட்டில் அந்நாள் வரை எக்கறுப்பினத்தவரும் எய்தாத இடத்தை நாடி நின்றவர். இழிவு செய்யப்பட்ட இரு திறத்தார் ஒரே வாயிலில் நெருக்குண்டனர். எவர் பக்கம் நின்றாலும் மற்றவர்க்கு அநீதி செய்ததாகுமோ என்னும் ஐயம் நல்லோர் நெஞ்சையும் அலைத்தது.

இச்சிக்கல் அமெரிக்காவில் 2008 இல் தோன்றிய புதுமை எனப் பலர் கருதினர். இலங்கை இதனை நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டது. கண்டும் அதனை இச்சிக்கலாக உணரவில்லை என்பதே வேறுபாடு.

பிரதமர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பர் 25 ஆம் நாள் சுடப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி தலைவனை இழந்து தடுமாறியது. 1960 மார்ச் மாதத் தேர்தலில் அக்கட்சியை வழிநடத்தியவர் சி. பி. டி சில்வா. சிவில் சேவை அதிகாரியாக இருந்து பொலனறுவைப் பகுதிக் குடியேற்றங்களை வளர்த்தவர். பின் காணி அமைச்சரானவர். குடியேற்றங்களைக் குறித்துக் கிழக்கிலங்கைத் தமிழர் கொண்ட கசப்பு வேறு கதை; திறமையும் அனுபவமும் உடையவர் அவர் என்பதைப் பகைவரும் மறுத்திலர். அத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50 இடங்களையும் சுதந்திரக் கட்சி 46 இடங்களையும் பெற்றன. டட்லி சேனாநாயக்க அமைத்த அரசு ஏப்பிரில் மாதத்திலேயே பாராளுமன்றத்திற் கவிழ்ந்தது. மீண்டும் தேர்தல் நெருங்க, 1960 மே மாதத்தில் சுதந்திரக் கட்சி தன் தலைமையை மறைந்தவரின் மனைவியாராகிய சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாருக்கு வழங்கியது. ஜூலைத் தேர்தலில் அக்கட்சி 75 இடங்களை வென்றது. ஜூலை 21 இல் அம்மையார் பிரதமரானார். உலகில் மக்களாட்சி முறையில் பிரதமரான முதற் பெண் அவரே.

சி. பி. டி சில்வா ஏன் ஒதுக்கப்பட்டார்? அவர் உடல்நலம் குன்றியிருந்தார் என்பது ஒரு விடை. அது மெய்யே, 1959 ஆகஸ்டில் அமைச்சரவைக் கூட்டத்தில் அருந்திய பாலினால் நஞ்சேறி நெடுநாள் நோயுற்றார். ஆயினும் வரலாற்றாசிரியர் பலர் சுட்டும் வேறொரு காரணமும் உண்டு. அவர் சலாகம குலத்தவர். கொவிகம குலத்தவர் அல்லாத ஒருவர் பிரதமராதல் அந்நாளில் எளிதன்று. ஆகவே 1960 இல் ஒரு புறம் குலத்தாற் பின்தள்ளப்பட்ட ஆடவர். மறுபுறம் அடுக்களையை விட்டு ஏன் வந்தாய் என வினவப்பட்ட பெண். நிறமும் பாலும் நியூ ஹாம்ஷயரில் எதிர்நின்றமை போலவே குலமும் பாலும் கொழும்பில் எதிர்நின்றன. குலச்செருக்கு அங்குப் பெண்ணுக்குத் துணை செய்தது. இவ்வுண்மையை மறைத்து 1960 ஜூலையைப் பெண்குலத்தின் தூய வெற்றி எனப் பாடுவது ஆராய்ச்சியன்று.

இனி, அம்மையார்மேற் சொரியப்பட்ட வசையின் இயல்பை நோக்குவாம். அவர் மேடைகளிற் கண்ணீர் விட்டார். மறைந்த கணவரின் குரற்பதிவு கூட்டங்களில் ஒலிக்கச் செய்யப்பட்டது. எதிர்க்கட்சியார் அவருக்கு 'அழும் விதவை' எனப் பெயரிட்டு நகைத்தனர். கணவர் உயிரோடிருந்த நாளில் விருந்தோம்பலும் மனைக்காரியமும் அன்றி அவர் எதனை ஆண்டார் என்னும் ஏளனம் அவர்தம் உறவினர் வட்டத்திலிருந்தே எழுந்ததாகக் கூறுவர். அவர் ஆண்டகாலை, ஆட்சி நடத்துபவர் உறவினரான பீலிக்ஸ் டயஸ் பண்டாரநாயக்கவே என்றனர். நன்மை விளைந்தால் ஆடவர் அறிவு. தீமை விளைந்தால் பெண்ணின் பேதைமை. இக்கணக்கில் பெண்ணுக்கு வரவே இல்லை. செலவு மட்டும் அவள் பேரில் எழுதப்படுகின்றது.

இவ்வசை மூன்றும் ஒரே கருத்தினின்று பிறந்தவை. அழுகை, அடுக்களை, பிறர் குரல் என்னும் இம்மூன்றிலும் அவர் ஒரு தலைவராகவன்றி வேறொருவரின் எச்சமாகவே காணப்படுகின்றார். இதில் ஒரு நுட்பம் உண்டு. பகைவர் எள்ளி உரைத்த அதனையே கட்சியார் போற்றி உரைத்தனர். மறைந்த தலைவரின் மனைவி ஆதலின் வாக்களியுங்கள் என்று கட்சி கேட்டது. மறைந்த தலைவரின் மனைவி அன்றி வேறென்ன என்று பகைவர் கேட்டனர். போற்றினோர் பற்று அவர்மேற் சென்றதன்று. அவர் வழியாக மறைந்தவர்மேற் சென்றது.

அப்பற்று எவ்வளவு காலம் நிலைக்கும்? அவர் தாமே ஒரு முடிவு செய்யும் வரையே. 1964 இல் அம்மையார் இடதுசாரியினரை அரசிற் சேர்த்தார். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தை அரசுடைமையாக்கவும் முனைந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 3 ஆம் நாள் சி. பி. டி சில்வா பதின்மூவரோடு எதிர்வரிசைக்குச் சென்றார். ஒரே வாக்கு வேறுபாட்டில், 74 க்கு 73 என, அரசு தோற்றது. சி. பி. டி சில்வாவின் செயல் கொள்கை வழிப்பட்டதா, நாலரையாண்டுக் காலம் நெஞ்சில் அடைத்துவைத்த மனக்குறையா என்பது வழக்காடுதற்குரியது; இரண்டும் கலந்தது எனல் பொருந்தும். ஒன்று மட்டும் தெளிவு. அவரைத் துரோகி என்றோர் உண்டு, கொள்கைவீரர் என்றோர் உண்டு. ஆடவராதலின் இவ்வாறு செய்தார் என்றோர் எவரும் இலர்.

மட்டக்களப்புத் தமிழருக்கு இவ்விடயம் கற்றோர் விவாதப் பொருள் மட்டுமன்று. டட்லி அரசைக் கவிழ்த்த வாக்கெடுப்பில் தமிழரசுக் கட்சியினரும் சுதந்திரக் கட்சியோடு சேர்ந்து வாக்களித்தனர். நன்மை வரும் என நம்பியிருந்தனர். வந்தது 1961 ஜனவரி முதல் தனிச் சிங்களச் சட்டத்தின் நடைமுறை. பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய சத்தியாக்கிரகம் மட்டக்களப்புக் கச்சேரி வாயிலுக்கும் பரவியது. ஊர்ப் பெண்கள், அதுவரை பொதுமேடை அருகே நில்லாதவரும், வெயிலில் அமர்ந்தனர். ஏப்பிரிலில் அவசரகாலச் சட்டம் வந்தது, தலைவர்கள் சிறைப்பட்டனர். அதன்பின் 1964 இன் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை. 1970 இல் அவர் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல். 1972 இன் அரசியலமைப்பு. இவற்றால் விளைந்த கேடுகளை எண்ணுவோர்க்கு அம்மையார்மேற் பரிவு பிறத்தல் அரிது. பிறக்கவேண்டும் என்பதும் இல்லை.

ஆனால் அவரை எதிர்த்தற்கு அச்செயல்களே போதும். கச்சேரி வாயிலில் அமர்ந்த பெண்ணுக்கும் பிரதமர் ஆசனத்தில் அமர்ந்த பெண்ணுக்கும் இடையே இருந்த வழக்கு மொழியுரிமை வழக்கு. 'பெண்ணாட்சி இப்படித்தான் முடியும்' என்று ஒருவர் உரைத்த அளவிலே அவர் அம்மையாரை மட்டும் இகழ்ந்தாரல்லர். தம் பக்கத்து வெயிலில் இருந்த தம் தாயையும் தமக்கையையும் சேர்த்தே இகழ்ந்தார். தனிச் சிங்களச் சட்டத்தை 1956 இல் இயற்றியவர் ஆடவர். 'ஆணாட்சி இப்படித்தான்' என்று அன்று எவரும் கூறிற்றிலர். நேர்மையான கண்டனத்தையும் பாலிழிவையும் பிரித்தறியச் சிறந்த உரைகல் இதுவே: அதே குற்றத்தை ஆடவரொருவர் செய்திருப்பின் அதே சொல் அவர்மேல் வீசப்படுமா? வீசப்படும் எனின் அது கண்டனம். அன்றெனின் அது வேறு.

இலங்கையில் அமெரிக்காவிற்போன்று கட்சியுறுப்பினர் வாக்களித்து வேட்பாளரைத் தேரும் முறை வேரூன்றவில்லை. தேர்வு அறைக்குள் நிகழும், முடிவே வெளிவரும். தென்னாசியாவில் அத்தகைய வாக்கெடுப்பு வெளிப்படையாக நிகழ்ந்த ஓரிடத்தைக் காணவேண்டின் பாக்குநீரிணைக்கு அப்பாற் செல்லவேண்டும். லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபின், 1966 ஜனவரி 19 இல் காங்கிரசுப் பாராளுமன்றக் குழுவினர் இரகசிய வாக்கெடுப்பு நடத்தினர். இந்திரா காந்தி அம்மையாருக்கு 355. மொரார்ஜி தேசாய்க்கு 169. அம்மையாரைத் தெரிந்து நிறுத்தியவருட் தலையாயவர் காமராசர். அவரை ஒரு சிறுபெண் என மொரார்ஜி எள்ளியதாகவும், ஊமைப் பொம்மை என ராம் மனோகர் லோகியா பெயரிட்டதாகவும் கூறப்படும். லோகியா மாற்றுக் கட்சியார். அவர் வசையை விட்டுவிடலாம். கருதவேண்டியது யாதெனின், அம்மையாருக்கு வாக்களித்த மூத்தோருட் பலரும் உள்ளத்தில் அப்பெயரையே நம்பியிருந்தனர் என்பது. சொன்னதைக் கேட்கும் பொம்மை என எண்ணியே பட்டஞ் சூட்டினர். பகைவர் இகழ்ச்சியாகக் கூறியதைத் தம் வசதியாகக் கண்டனர்.

பொம்மை பேசியபோது நிகழ்ந்ததை யாவரும் அறிவர். 1969 இல் சனாதிபதி பதவிக்குக் கட்சியின் மூத்தோர் அம்மையாரின் விருப்பத்துக்கு மாறாகச் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கினர். அம்மையார் மனச்சான்றின்படி வாக்களிக்குமாறு உறுப்பினரை வேண்டினார். ஆகஸ்ட் 16 வாக்கெடுப்பில் கட்சி வேட்பாளர் தோற்றார், வி. வி. கிரி வென்றார். நவம்பரில் அம்மையார் கட்சியினின்று நீக்கப்பட்டார், கட்சி இரண்டாயிற்று. காமராசர் ஒரு பக்கத்தும், தாம் அரியணை ஏற்றியவர் மறுபக்கத்தும் நின்றனர்.

ஈண்டு நடுநிலை பிறழ்தலாகாது. 1969 இல் கட்சி நெறியை மீறியவர் அம்மையாரே. அதன்பின் அவர் காங்கிரசுக்குள் தேர்தல் என்பதையே நெடுங்காலம் இல்லாமற் செய்ததும், 1975 ஜூன் மாதத்தில் நெருக்கடி நிலையைப் பிறப்பித்ததும் பெண் என்பதால் மன்னிக்கத்தக்கன அல்ல. ஊமைப் பொம்மை என்று இகழப்பட்டவர் பிறர் வாயை அடைத்தமை வரலாற்றின் கொடிய முரண்களுள் ஒன்று. ஆயினும் மூத்தோரும் ஒரு கணக்குக் கொடுக்கக் கடமைப்பட்டோர். தலைவராக எண்ணித் தேர்ந்து, தலைவராக நடத்தி, அதன்பின் பற்றை எதிர்பார்த்தனரா? ஏவலுக்கென வைத்தவர் ஏவியபோது அதனைத் துரோகம் என்றனரா?

இவ்விடத்தில் வாவிக்கரைக்கு மீள்வது பயனுடைத்து. பெண்ணை வழியாகக் கொண்டு பதவியை வேறிடத்தில் வைக்கும் இம்முறை மட்டக்களப்பார்க்குப் புதிதன்று. இப்பகுதியின் தாய்வழிக் குடிமுறையை அறிஞர் பலர் வியந்து எழுதியுள்ளனர். ஒருவர் தம் தாயின் குடியையே சார்வர். குடியின் உட்கிளைக்கு வயிற்றுவார் என்றே பெயர். மகள் மணம்பெறுங்கால் வீடும் வளவும் அவள் பெயருக்குச் செல்லும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். தமிழர் மட்டுமன்றி இக்கரை முஸ்லிம்களும் இவ்வழக்கினரே. உலகநாச்சி, ஆடகசவுந்தரி என்னும் அரசியரின் கதைகளையும் மட்டக்களப்பு மான்மியம் பேணி வைத்திருக்கின்றது. இவற்றைக் கூறி, பெண்ணுரிமையிற் கீழைக்கரைக்கு நிகரில்லை எனப் பெருமை பேசுவோர் உளர்.

கோயிற் கருமத்தை நோக்கினால் அப்பெருமையின் அளவு புலனாகும். பெருங் கோயில்களிற் குடிதோறும் உரிமை வகுக்கப்பட்டிருக்கின்றது. குடியின் சார்பில் நிற்பவர் வண்ணக்கர். மரபின்படி அப்பதவி தந்தையிடமிருந்து மகனுக்கன்று, மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும். அஃதாவது, உடன்பிறந்தாளின் மகனுக்கு. அவள் இல்லையேல் பதவி அடுத்த தலைமுறையை அடைய வழி இல்லை. ஆயினும் பதவியில் அமர்பவள் அவளல்லள். அவள் தமையனும் அமர்வான். அவள் மகனும் அமர்வான். இருவருக்கும் நடுவே அவள் வாய்க்காலாக இருக்கின்றாள். வாய்க்கால் இன்றி வயலில்லை. விளைச்சலில் வாய்க்காலுக்குப் பங்கு எவரும் அளந்ததில்லை.

அரசியலில் நீரோட்டம் திசை மாறியது, வாய்க்கால் மாறவில்லை. கோயிலிற் பெண் வழியாக ஆடவர்க்குச் செல்லும் பதவி, பாராளுமன்றத்தில் ஆடவர் வழியாகப் பெண்ணுக்கு வந்தது. 1931 இல் அரசாங்க சபையிற் புகுந்த முதற்பெண் அடலின் மொலமுறே, தம் தந்தையார் இறந்தமையால் வெற்றிடமான தொகுதியில் வென்றவர். அடுத்த ஆண்டு வந்த நேசம் சரவணமுத்து, தேர்தல் வழக்கில் இடமிழந்த கணவரின் தொகுதியில் வென்றவர். கிழக்கிலும் கதை அதுவே. பொத்துவில் தொகுதியில் 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளராக வென்று, பின் ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சென்ற எம். கனகரத்தினம் 1978 இல் சுடப்பட்டு 1980 இல் உயிர் நீத்தார். அவ்விடத்துக்கு அவர் சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்திற் புகுந்த முதல் தமிழ்ப்பெண் அவரே. தந்தையின் சாவு, கணவரின் தகுதியிழப்பு, சகோதரரின் கொலை என ஆடவர் ஒருவரின் இழப்பே வாயிற்கதவைத் திறந்தது. அவர்கள் திறமையற்றோர் என்பதன்று இதன் பொருள். திறமை மட்டும் உடையோர்க்குக் கதவு திறக்கவில்லை என்பதே பொருள்.

சென்னையிலும் இதன் சாயலைக் காணலாம். 1987 டிசெம்பரில் எம். ஜி. இராமச்சந்திரன் மறைந்தபின் அவர் கட்சி ஜானகி அம்மையார் பக்கமும் ஜெயலலிதா பக்கமுமாகப் பிளந்தது. 1989 தேர்தலில் இரட்டை இலைச் சின்னம் எவர்க்கும் கிடைத்திலது. மறைந்தவர்க்கு நெருங்கியவர் எவர் என்பதே வழக்காயிற்று. ஆளத்தக்கவர் எவர் என்னும் வினா பின்னரே எழுந்தது.

மீண்டும் இலங்கை. 1980 ஒக்டோபரில் சிறிமாவோ அம்மையாரின் குடியுரிமைகள் ஏழாண்டுக்குப் பறிக்கப்பட்டன. அதனால் 1982 சனாதிபதித் தேர்தலிற் கட்சி ஹெக்டர் கொப்பேகடுவவை நிறுத்தியது. கட்சியிற் பாதி முழுமனத்தோடு உழைத்திலது. 1988 இல் அம்மையார் தாமே நின்று பிரேமதாசவிடம் தோற்றார். அதன்பின் எழுந்த வினா வீட்டுக்குள்ளேயே கட்சியைப் பிளந்தது: வாரிசு மகன் அநுராவா, மகள் சந்திரிகாவா? மகனுக்கே உரியது என எண்ணியிருந்தோர் பலர். மக்கள் திரள் மகள் பக்கம் சாய்ந்தது. அநுரா 1993 இல் தாய்க்கட்சியை விட்டு, தந்தை முன்னர் விட்டுப் பிரிந்து பின் எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சியை அடைந்தார்.

1994 நவம்பர் 9 இல் நடந்த சனாதிபதித் தேர்தல் இவ்வாய்வுக்கு மிக்க பயனுடையது. ஒருபுறம் சந்திரிகா குமாரதுங்க. தந்தையையும் கணவரையும் கொலைக்குப் பறிகொடுத்தவர். மறுபுறம் ஐக்கிய தேசியக் கட்சி. அதன் வேட்பாளர் காமினி திசாநாயக்க ஒக்டோபர் 24 இல் குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டார். அக்கட்சிக்குள் காமினி பக்கம், ரணில் விக்கிரமசிங்க பக்கம் என முன்பே பிளவு உண்டு. காமினியின் மனைவியார் சிறீமா திசாநாயக்க வேட்பாளராக்கப்பட்டார். சட்டத்தரணியாகிய அவருடைய கல்வியைக் குறித்து அன்று பேசினோர் சிலரே. வெள்ளைச் சேலையைக் குறித்துப் பேசினோர் பலர். 1960 இல் எள்ளி நகையாடிய கட்சியே முப்பத்துநான்கு ஆண்டு கழித்து அதே கண்ணீரைக் கடன் வாங்கியது. சந்திரிகா நூற்றுக்கு 62 வாக்குப் பெற்று வென்றார்.

அத்தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்து வாக்காளர் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வாக்குகளைச் சந்திரிகாவுக்கு அளித்தனர். தனிச் சிங்களச் சட்டத்தாரின் மகளுக்கு, 1961 இன் கச்சேரி வாயிலை மறவாத மக்கள் அளித்த வாக்கு அது. வழிக்காக அளித்ததன்று, அவ்வழி இங்கு நச்சு வழி. சமாதானம் என்னும் சொல்லுக்காக அளித்தனர். பெண்ணொருவரை அவர் கூறிய சொல்லுக்காக மட்டும் எடைபோட்ட தேர்தல் இத்தீவில் உண்டாயின், அதனைச் செய்தோருள் வாவிக்கரை மக்களும் அடங்குவர். 1995 ஏப்பிரிலிற் போர் மீண்டும் மூண்டபோது அவர்மேல் எழுந்த சினமும் அச்சொல்லைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும். எப்போதும் அவ்வாறு இருந்தது எனல் இயலாது.

2024 செப்டெம்பரில் ஹரினி அமரசூரிய பிரதமரானார். தந்தை வழியோ கணவர் வழியோ இன்றி அப்பதவியை அடைந்தவர்; நவம்பர்த் தேர்தலிற் கொழும்பு மாவட்டத்தில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட விருப்பு வாக்குகளைப் பெற்றார். இது தனி நிகழ்ச்சியா, புதுவழியா என இன்னும் கூறுதற்கில்லை.

மட்டக்களப்பில் அத்தகைய ஒருவர் முன்னரே தோன்றியிருந்தார். கிழக்கின் தொல்லியலை ஆராய்ந்து நூல்கள் எழுதிய தங்கேஸ்வரி கதிராமன் 2004 தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் இம்மாவட்டத்தில் வென்றார். அவர் எவருடைய விதவையாகவும் வந்தாரல்லர்; கல்வெட்டும் சிதைந்த கட்டடமும் தேடி நடந்த ஆசிரியராக வந்தார். 2010 இல் அவர் கூட்டமைப்பை விட்டு ஆளுங்கட்சிக் கூட்டணியின் பட்டியலில் நின்று தோற்றார். அம்முடிவு பிழையானது என்போர்க்கு வலிய காரணங்கள் உண்டு. ஆயின் இம்மாவட்டத்தில் அணி மாறிய முதல்வர் அவரல்லர். 1956 முதல் தமிழரசுக் கட்சியின் குரலாக விளங்கிய செ. இராசதுரை 1979 இல் ஐக்கிய தேசியக் கட்சியை அடைந்து அமைச்சரானார். 1977 இற் கட்சி காசி ஆனந்தனையும் வேறு சின்னத்தில் அதே தொகுதியில் நிறுத்தியதே அவரை அந்நிலைக்குத் தள்ளியது என அவர்பொருட்டு இன்றும் வாதிடுவோர் படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் உளர். கட்சி தமக்கு இழைத்ததைக் கூறித் தம் பிரிவை நியாயப்படுத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது, செவிசாய்த்தோரும் இருந்தனர். தங்கேஸ்வரி அம்மையாரின் பிரிவுக்கு அத்தகைய வாதம் ஒன்றை எடுத்துரைப்போர் அரியர். அவர் 2019 இற் காலமானார்.